ஒரு பிழை திருத்தம்

நம் சங்கத்தின் சென்ற ஆண்டு மலரில், ‘உறுப்பினர் இல்லச் செய்திகள்’ என்னும் பகுதியில், என் தமக்கை மகள் அமெரிக்காவில் எம்.டி. படிப்பில் சேர்ந்திருப்பதாக ஒரு செய்தி வெளிவந்தது. மலர்க் குழுவினர்மீது குறை ஏதும் இல்லை. அவர்களுக்குச் செய்தி தந்தவர் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வாழும் பெரியவர். அவருக்குச் செய்தி தந்தவன் நான்.

எங்கள் அரசுக் குடியிருப்பின் மாடிப்படி மிகவும் குறுகலானது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவ்வாறு ஒதுங்கி நிற்கும் அரை நிமிடத்தில்தான் தில்லித் தமிழர்களாகிய நாங்கள் ஒருவர் வீட்டு நலத்தை மற்றவர் விசாரித்துக்கொள்வது வழக்கம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை, காய்கறிப் பையுடன் எதிரே வந்த அந்தப் பெரியவர், “உங்கள் அக்கா மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாமே! எம்.டி.தானே?” என்று கேட்டார். “ஆமாம் ஐயா, எம்.டி.தான்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நானும் மலர்ந்த முகத்துடனேயே மாடி ஏறினேன்.

உண்மையில் என் மருமகளுக்குக் கிடைத்தது டி.ஓ. படிப்பு. ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் என்பதன் சுருக்கம் அது. எம்.டி. என்றால் எவருக்கும் புரிகிறது. டி.ஓ. என்றால், “அது என்ன?” என்று கேட்பார்கள். விளக்க வேண்டிவரும். விளக்கத் தொடங்கினாலே கேட்பவர் கண்ணில் நம் மதிப்பு ஒரு படி இறங்கிவிடும். இந்தக் கணக்கையெல்லாம் என் மனம் அந்த அரை நிமிடத்திற்குள் போட்டு முடித்துவிட்டது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுகிறவன் நான். பிறர் எழுதிய குறிப்புகளில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. நானே வாய்மொழியாகச் செய்த இந்தப் பிழை அச்சேறி வந்தபோது, அதைத் திருத்த ஒரு கட்டுரையே தேவைப்படும் என்று தோன்றியது. ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

இந்தப் படிப்பைப் பற்றி முதன்முதலில் எங்கள் உறவினர் வட்டத்தில் பேச்சு எழுந்தபோது, சித்தப்பா ஒருவர், “புத்தூர்க் கட்டுப் போடுவதற்கா பெண் அமெரிக்காவில் படிக்கிறாள்?” என்று கேட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். பிறகு நான் தேடிப் படித்துப் பார்த்தபோது, அந்தக் கேலியில் சிறிது உண்மையும் இருப்பதை அறிந்தேன். இம்மருத்துவ முறையைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் ஒரு காலத்தில் தம்மை ‘மின்னல் வேக எலும்பு வைத்தியர்’ என்றே விளம்பரம் செய்துகொண்டவர்.

ஸ்டில் 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அவர் தந்தை சமயப் போதகர், மருத்துவரும்கூட. தந்தையிடமே தொழில் கற்ற ஸ்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் பக்கம் பணியாற்றினார். 1864-இல் அவருடைய பிள்ளைகள் மூவர் மூளை உறைக் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தனர். மருத்துவனாக இருந்தும் பெற்ற பிள்ளைகளைக் காக்க இயலவில்லையே என்ற துயரம், அக்கால மருந்துகளின்மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையைத் தகர்த்தது. பாதரசம் கலந்த மருந்துகளையும் பேதி மருந்துகளையும் வாரி வழங்கிய காலம் அது. உடல் ஒரே முழுமை, அதன் அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை, தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு என்ற எண்ணங்களின்மீது அவர் தம் முறையை அமைத்தார். 1874-இல் அதனை வெளியிட்டார். 1892-இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் தம் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் என்னைத் தடுத்து நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. அக்கல்லூரிக்கு மாநில அரசு அளித்த உரிமைப் பத்திரத்தின்படி, ஸ்டில் விரும்பியிருந்தால் தம் மாணவர்களுக்கு எம்.டி. பட்டமே வழங்கியிருக்கலாம். அவர் அதை விரும்பாமல் டி.ஓ. என்று வேறு எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்.

அந்த இரண்டு எழுத்துகளுக்காக அவர் வழிவந்தவர்கள் பட்ட பாடு சிறிதன்று. நெடுங்காலம் அவர்களைப் போலி மருத்துவர் வரிசையில் வைத்துப் பேசினார்கள். 1962-இல் கலிபோர்னியாவில் நடந்தது நம் அலுவலக நடைமுறைகளையே நினைவூட்டும். அம்மாநிலத்தில் ஏறத்தாழ 2,000 டி.ஓ. மருத்துவர்கள் ஒரு குறுகிய வகுப்பில் கலந்துகொண்டு 65 டாலர் கட்டணம் செலுத்தினர், எம்.டி. ஆகிவிட்டனர். முதல்நாள் இருந்த அறிவும் கையும்தான் மறுநாளும் இருந்தன. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பிறகு 1974-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் டி.ஓ.க்களுக்கு மீண்டும் உரிமம் வழங்கத் தொடங்கினர். அதற்கு முன்பே, 1973-க்குள், நாட்டின் மற்ற மாநிலங்கள் எல்லாம் அவர்களுக்கு முழு மருத்துவ உரிமை அளித்துவிட்டன. இன்று அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எந்தத் துறையிலும் சிறப்புப் பயிற்சி பெறலாம். மேற்பயிற்சிக்கு இரு சாராருக்கும் தனித்தனியே இருந்த அங்கீகார முறைகள் 2020-இல் ஒன்றாக இணைந்துவிட்டன. அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் நால்வருக்கு ஒருவர் டி.ஓ. கல்லூரியில் பயில்கிறார். 2018 முதல் 2025 ஜனவரி வரை அடுத்தடுத்து வந்த இரண்டு அதிபர்களுக்கும் வெள்ளை மாளிகை மருத்துவர்களாக இருந்தவர்கள் டி.ஓ. பட்டம் பெற்றவர்களே. பிற நாடுகளில் ஆஸ்டியோபதி என்ற பெயரால் உடலைப் பிடித்து நீவும் சிகிச்சை மட்டும் செய்வோர் உண்டு. அவர்கள் வேறு, இவர்கள் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது.

இவ்வளவையும் படித்து அறிந்த பின்னரும் மாடிப்படியில் என் வாய் எம்.டி. என்றே சொன்னது. அறிவு வேறு, கூச்சம் வேறு போலும்.

இனி, அந்தப் பெண் விண்ணப்பித்த கதைக்கு வருகிறேன். என் அக்கா திருமணமாகி 1999-இல் ஒஹாயோ மாநிலம் சென்றாள். மறு ஆண்டு பிறந்தவள் என் மருமகள். அங்கே பள்ளி முடித்தவுடன் மருத்துவக் கல்லூரியில் சேர்வது என்பது பெரும்பாலும் இல்லை. நான்காண்டுப் பட்டப்படிப்பை முடிக்க வேண்டும். எம்கேட் என்னும் தேர்வை எழுத வேண்டும். இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் நடப்பது அது. மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும். பூச்சியத்தில் தொடங்காத மதிப்பெண்ணை நான் அதற்கு முன் கண்டதில்லை. இவற்றோடு மருத்துவமனையில் தொண்டு செய்த மணிக்கணக்கு, மருத்துவர்களின் பக்கத்தில் இருந்து கண்ட அனுபவம், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவையும் வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு கட்டுரை வேண்டும். ‘நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்?’ என்பதை இடைவெளிகளும் உட்பட 5,300 எழுத்துகளுக்குள் அடக்கிச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ‘நீட்’ மதிப்பெண் ஒன்றே இடத்தைத் தீர்மானிக்கிறது. ஏன் மருத்துவராக வேண்டும் என்று நம் பிள்ளைகளை எவரும் கேட்பதில்லை. பெற்றோராகிய நாமும் கேட்பதில்லை.

2022-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கட்டுரையின் வரைவை எனக்கு அனுப்பினாள். “மாமா, நம் வீட்டில் நடந்ததை எழுதியிருக்கிறேன். நீங்கள் சம்மதித்தால்தான் அனுப்புவேன்” என்று ஒரு குறிப்பும் உடன் இருந்தது.

அவள் எழுதியிருந்தது 2013 ஆகஸ்டில் நடந்தது. விடுமுறைக்குத் தில்லி வந்திருந்தாள், வயது பதின்மூன்று. அவளை எங்களிடம் விட்டுவிட்டு அக்காவும் அத்தானும் அவர்கள் பக்கத்துத் திருமணம் ஒன்றிற்காகக் கும்பகோணம் போயிருந்தனர். என் மனைவி பிரசவத்திற்குத் தாய்வீடு சென்றிருந்தாள். ஒரு காலை நான் அலுவலகம் போன பிறகு என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மையார் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பள்ளி விட்டு வரும் தம் குழந்தைகளுக்காகத் திரும்பிவிட்டார். என் தாயாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. மருத்துவருக்கு இந்தியும் ஆங்கிலமும் தெரியும். இடையில் மொழிபெயர்ப்பாளராக நின்றது அந்தக் குழந்தை.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாவுக்கட்டுப் போட எழுதிக் கொடுத்தார். கட்டுப் போட்டுச் சிறிது நேரத்தில் என் தாயார், “விரலெல்லாம் மரத்துப் போகுது, சொல்லும்மா” என்றார். ஒஹாயோவில் வளர்ந்த குழந்தைக்கு மரம் தெரியும். மரத்துப் போவது தெரியாது. பாட்டி விரல்கள் மரம்போல் இருப்பதாகச் சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் புன்னகைத்துவிட்டு, கட்டுப் போட்டால் அப்படித்தான் கனமாக இருக்கும் என்று சொல்லி அடுத்த நோயாளியை அழைத்தார். இரண்டாம் நாள் விரல்கள் வீங்கிக் கறுத்தன. ஓடிப்போய்க் கட்டை வெட்டி எடுத்தோம். கை பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை.

நான் எங்கே இருந்தேன்? பக்கத்து வீட்டு அம்மையார் எனக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லியிருந்தார். நாடாளுமன்றக் கூட்டத் தொடர் நடந்துகொண்டிருந்தது. ஒரு வினாவுக்கான விடை அன்று மாலைக்குள் போக வேண்டும். விடுப்புக் கேட்டிருந்தால் பிரிவு அலுவலர் மறுத்திருக்க மாட்டார். நான் கேட்கவில்லை. முக்கியமான வேளையில் எழுந்து போகிறவன் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்று எண்ணினேன். ‘குழந்தைக்குத்தான் ஆங்கிலம் நன்றாகத் தெரியுமே’ என்று எனக்கு நானே ஆறுதலும் சொல்லிக்கொண்டேன். வரைவில் இருந்த ஒரு வரியின் பொருள் இது: ‘அந்தச் சொல்லை அறிந்த என் மாமா ஆறு கிலோமீட்டர் தொலைவில், தம் மேசையில் இருந்தார்.’

அந்த வரியைப் பலமுறை படித்தேன். பிறகு அவளை அழைத்து, “பாப்பா, தேர்வுக் குழுவுக்குக் குடும்ப விஷயம் எதற்கு? பொதுவாக எழுது. மனித குலத்திற்குத் தொண்டு செய்ய ஆசை என்று எழுது. நாலு பேர் படிக்கிற இடத்தில் நம் குறையை நாமே சொல்லலாமா?” என்றேன். “சரி மாமா” என்றாள். அவள் குரலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை.

அவ்வாண்டு அவள் எம்.டி. கல்லூரிகள் பதினாறுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றிலிருந்தும் நேர்முகத்திற்கு அழைப்பு வரவில்லை. அவள் எம்கேட் மதிப்பெண் நடுத்தரமானது. காரணம் அதுவாகவே இருக்கலாம். கட்டுரையால்தான் வாய்ப்புப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாருடைய பெயரை மேலே எழுதினாலும் பொருந்தக்கூடிய ஒரு கட்டுரையை அவள் அனுப்பினாள் என்பதும், அது என் திருத்தம் என்பதும் உண்மை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், உயர்ந்த பதவி ஒன்றிற்கு எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்று நேர்முகத்திற்குச் சென்றேன். குழுவில் ஒருவர், “பி.ஏ. வரலாறு படித்திருக்கிறீர்களே, ஏன்?” என்று கேட்டார். உண்மையான விடை எளியது. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் குறைவு. எங்கள் ஊருக்கு அருகில் இருந்த கல்லூரியில் வரலாற்றுப் பிரிவில்தான் இடம் இருந்தது. சேர்ந்த பின்னர்தான் எனக்கு அது பிடித்தது. ஆனால் நான், “சிறு வயது முதலே வரலாற்றின்மீது எனக்குத் தணியாத ஆர்வம்” என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். “கடைசியாகப் படித்த வரலாற்று நூல் எது?” என்று அடுத்த வினா வந்தது. விழித்தேன். நேர்முகம் அங்கேயே முடிந்தது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம், இன்னும் நன்றாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்பதே. தவறான பாடம் என்று அறியப் பல ஆண்டுகள் ஆயின.

நேர்முகத் தேர்வு என்றாலே நம் நாட்டில் ஐயம் எழுவது இயல்பு. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்திற்கு மதிப்பெண் வழங்கியதைப் பற்றிய வழக்கு ஒன்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980-இல், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கில், இரண்டு மூன்று நிமிட நேர்முகத்திற்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கியது முறையன்று என்றும், நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது என்றும் அந்நீதிமன்றம் கூறியது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகமே இல்லை. பரிந்துரைக்கும் கைக்கூலிக்கும் கதவு அடைபட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். அப்படியிருக்க, ஒரு மருத்துவ இடத்திற்கு நேர்முகம் வைக்கும் அமெரிக்க முறை எனக்குப் பிற்போக்காகவே தோன்றியது.

மருமகள் அந்த ஓராண்டைச் சும்மா கழிக்கவில்லை. சிற்றூர் மருத்துவ நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மருத்துவர் நோயாளியோடு பேசும்போது அருகில் இருந்து எல்லாவற்றையும் கணினியில் பதிவு செய்யும் வேலை. “மாமா, நானும் இப்போது உங்களைப்போல் எழுத்தர்தான்” என்று சிரித்தாள். அந்த மருத்துவர் ஒரு டி.ஓ. என்பது சேர்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

தொலைபேசியில் அவரைப் பற்றி அடிக்கடி பேசுவாள். முதுகுவலியோடு வரும் லாரி ஓட்டுநரைப் படம் எடுக்க அனுப்புவதற்கு முன், அவர் தம் கையை அந்த முதுகில் வைத்துவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுப்பாராம். எந்த இடத்தில் தசை இறுகியிருக்கிறது, மூச்சு எங்கே தடைப்படுகிறது என்பதைக் கை அறியுமாம். தேவையானால் மருந்தும் எழுதுவார், அறுவைக்கும் அனுப்புவார். ஒருநாள் கையில் கட்டுடன் ஒரு மூதாட்டி வந்தாள். மருத்துவர் முதலில் செய்தது, ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்தி, ‘இது தெரிகிறதா, இது தெரிகிறதா’ என்று கேட்டதுதான். “எனக்கு அன்று தட்டச்சுச் செய்யவே முடியவில்லை மாமா” என்றாள்.

விரல் நுனியை அழுத்திப் பார்ப்பது எந்த நல்ல மருத்துவரும் செய்வதே, டி.ஓ.க்களுக்கு மட்டும் உரியதன்று. அவளும் இதை அறிவாள். ஆயினும் கையால் அறிவதை ஒரு பாடமாகவே வைத்து நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்றுவிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன என்று அறிந்தபோது, தான் போக வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் காரணத்தைத் தேடச் சொல்கிறார். நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்வதோடு நில்லாமல் உடனிருந்து பார்ப்பவனையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே சேர்த்துச் சொல்கிறார். உடனிருக்க வேண்டிய நாளில் மேசையில் இருந்தவன் என்ற முறையில் அந்த அதிகாரம் எனக்கு இப்போது வேறுவிதமாகப் படுகிறது.

2023 மே மாதம், டி.ஓ. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தைத் தொடங்கினாள். முதல் கல்லூரிக்கு ஏறத்தாழ 200 டாலர். பின்னர் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பொது விண்ணப்பம் போன பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே மீண்டும் வினாக்கள் அனுப்பும். மீண்டும் கட்டுரை, மீண்டும் கட்டணம். இடங்கள் வர வர நிரம்பிக்கொண்டே போகும் என்பதால் காலம் தாழ்த்தவும் கூடாது. இம்முறை அவள் என் ஒப்புதலைக் கேட்கவில்லை. “பழைய கட்டுரையையே அனுப்பிவிட்டேன் மாமா, மேசை வரியோடு” என்று மட்டும் சொன்னாள். நான், “நல்லது” என்றேன். அதைச் சொல்லச் சிறிது நேரம் ஆயிற்று.

இரண்டு கல்லூரிகள் நேர்முகத்திற்கு அழைத்தன. இரண்டும் வீட்டிலிருந்தே கணினித் திரைவழியாக நடந்தன. 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் வந்த அந்த வழக்கம் பல கல்லூரிகளில் நிலைத்துவிட்டது.

முதல் கல்லூரியின் முறை எனக்குப் புதுமையாக இருந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருபதாண்டுகளுக்கு முன் உருவான முறையாம். ஒரே குழுவின் முன் அரை மணி நேரம் அமர்த்தாமல், பல சிறு அறைகளுக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சூழ்நிலையைத் தருகிறார்கள். இரண்டு நிமிடம் படித்துச் சிந்திக்கலாம். பிறகு சில நிமிடம் பேச வேண்டும். ஒவ்வொரு அறையிலும் வேறு மதிப்பீட்டாளர். மற்றவர் இட்ட மதிப்பெண் அவருக்குத் தெரியாது. ஒருவரின் விருப்பும் வெறுப்பும் முடிவைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நேர்முகத்தின் குறையை அறிந்து, அதை ஒழிக்காமல் திருத்த முயன்றிருக்கிறார்கள். “என்ன கேட்டார்கள்?” என்றேன். “சொல்லக் கூடாது மாமா, கையொப்பமிட்டிருக்கிறேன்” என்றாள். அலுவலக இரகசியம் காப்பவன் என்ற முறையில் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் கல்லூரி அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது.

இரண்டாவது நேர்முகம் நவம்பரில் ஒரு நாள், அவர்கள் நேரம் காலை ஒன்பது மணிக்கு. நமக்கு இரவு ஏழரை. என் தாயார் ஆறு மணிக்கே விளக்கேற்றி அமர்ந்துவிட்டார். ஒன்பது மணிக்கு அவள் அழைத்தாள். இரு ஆசிரியர்கள் பேசினார்களாம், ஒருவர் டி.ஓ. மருத்துவர், மற்றவர் உடலியல் பேராசிரியை. அங்கே இப்படி எந்த இரகசிய நிபந்தனையும் இல்லையாதலால் நடந்ததை எல்லாம் சொன்னாள்.

முதல் வினா எல்லா டி.ஓ. கல்லூரிகளிலும் எதிர்பார்க்க வேண்டியது: “ஏன் டி.ஓ.? ஏன் எம்.டி. இல்லை?” என் பி.ஏ. வரலாற்று வினாவின் உடன்பிறப்பு அது. இதற்கு நான் முன்பே ஒரு விடை தயாரித்துக் கொடுத்திருந்தேன். ‘சிறு வயது முதலே’ என்று தொடங்குவது! அவள் சொன்ன விடை வேறு. “சென்ற ஆண்டு எம்.டி. கல்லூரிகளுக்கு மட்டுமே விண்ணப்பித்தேன், எவரும் அழைக்கவில்லை. டி.ஓ. என்றால் என்ன என்பதே அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. வேலைக்குப் போன இடத்தில்தான் அறிந்தேன்” என்று தொடங்கி, மருத்துவ நிலையத்தில் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

பிறகு பேராசிரியை கட்டுரையைக் குறிப்பிட்டு, “பதின்மூன்று வயதில் உன்னைத் தனியே விட்ட உன் மாமாமீது கோபம் இல்லையா?” என்று கேட்டாராம். இந்த இடத்தில் தொலைபேசியில் அவள் சற்று நிறுத்தினாள். “சொல் பாப்பா” என்றேன்.

“இருந்தது என்று சொன்னேன் மாமா. பல வருஷம் இருந்தது. அவர் வந்திருந்தால் அந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் எங்கள் கிளினிக்கில் தனியாக வருகிற கிழவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் எங்கேயோ ஒரு மேசையில் இருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கூட ஒருவரும் வராத நோயாளிக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியது டாக்டரின் வேலை என்று சொன்னேன்.”

என் தாயார், “என்ன சொல்லுது பிள்ளை?” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். என்னால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அவள் பேசியதோ தமிழில்தான்.

2024 ஜனவரி இறுதியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. தனியார் கல்லூரி, ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் கட்டணம். கடன் வாங்கிப் படிக்கிறாள். பட்டம் பெற்ற பின்னும் பல்லாண்டு அடைக்க வேண்டியிருக்கும். அந்தக் கவலை அக்காவுக்கு உண்டு. நேர்முகம் வைப்பதால் மட்டும் நல்லவர்களையே தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்றும் நான் நம்பவில்லை. வேறு இருவர் எதிரே அமர்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணை எதிரே அமர்த்தி, ‘நீ யார், ஏன் வந்தாய்?’ என்று கேட்டபோது, அவள் தன் தோல்வியையும் தன் கோபத்தையும் மறைக்காமல் சொன்னாள். அந்த விடைக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தாலும் அது சரியான விடையே.

அந்தச் செய்தி வந்த மறுமாதம்தான் நான் மாடிப்படியில் எம்.டி. என்று சொன்னேன். நான்காயிரம் எழுத்துக்கு மேல் உண்மை எழுதிய பெண்ணின் பட்டத்தில் இரண்டு எழுத்தை மாற்றிச் சொன்னவன் அவள் மாமன்!

2024 டிசம்பர் விடுமுறையில் அவள் தில்லி வந்திருந்தாள். வந்த அன்று மாலை பால்கனி வெயிலில் பாட்டியின் எதிரே மோடாவை இழுத்துப் போட்டு அமர்ந்து, வலக்கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டை மெல்லச் சுற்றிப் பார்த்தாள். மடங்காத சுண்டுவிரலை நுனி முதல் அடி வரை அழுத்திக்கொண்டே வந்தாள்.

“மரத்துப் போகுதா அம்மாச்சி?” என்று கேட்டாள்.

“இப்ப இல்லடி கண்ணு. குளிர்ல மட்டும் கொஞ்சம் வரும்” என்றார் என் தாயார். கையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார். நான் அலுவலகப் பையோடு வாசற்படியில் நின்றிருந்தேன். அன்று பிற்பகல் அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

மறுநாளே இரண்டாம் மாடிப் பெரியவரைப் படியில் சந்தித்து உண்மையைச் சொன்னேன். இம்முறை அரை நிமிடம் போதவில்லை. இருவரும் படியிலேயே அமர்ந்துவிட்டோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கையால் தொட்டுப் பார்க்கும் படிப்பா? அப்படியானால் என் முழங்காலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்களேன்” என்றார். மாணவிதான், இன்னும் மருத்துவர் ஆகவில்லை என்று சொல்லி அவரைச் சமாதானம் செய்தேன்.

ஆகவே, சென்ற ஆண்டு மலரை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள், ‘உறுப்பினர் இல்லச் செய்திகள்’ பகுதியில் என் பெயருக்குக் கீழே எம்.டி. என்றிருப்பதை டி.ஓ. என்று திருத்திப் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.